டிக்கெட் பரிசோதகர் மெர்வின் மார்மலேட் மறைத்த படலம்

தொண்ணூற்றேழு மணி நேரமும் பதினொரு நிமிடமும் ஒற்றை உண்மையைப் பல்வரிசைக்குப் பின்னே சிறைவைத்துக் காத்த செம்மலே! அடிலெய்டு நகர டிராம்களின் அடலேறே! டிக்கெட் எடுக்காதார் நெஞ்சில் இடியாய் இறங்கும் இன்ஸ்பெக்டர் திலகமே! நகர நடுவிலிருந்து கிளெனெல்க் கடற்கரை வரை இருப்புப்பாதை இரண்டும் இணைபிரியாது நின்று புகழும் மெர்வின் கோல் என்னும் பெருந்தகையே, நீ வாழ்க! நின் கால்சராயின் கஞ்சி மடிப்பு வாழ்க! நின் இடது காலுறையும் வாழ்க, அது இக்கதையில் ஒரு கோட்டை ஆதலின்.

இவ்வீரன் ஐம்பத்திரண்டு வயதினன். இருபத்தொன்பது ஆண்டுகள், ஓடும் வண்டியில் நின்றபடியே நீதி வழங்கியவன். 'டிக்கெட் வேற சட்டையில இருக்கு', 'மெஷின் வேலை செய்யல', 'இப்பத்தான் ஏறினேன்' என்னும் மூவகைப் படைக்கலம் ஏந்தி வந்த மாற்றாரையெல்லாம் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி வீழ்த்தியவன். சொந்த மைத்துனனுக்கே அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்து, அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விருந்தில் இறால் தட்டு தன் பக்கம் வராமலே போனதைப் புன்னகையோடு பொறுத்தவன்.

அத்தகையோன் மருந்துச் சோதனைக்கூடத்தின் மூன்றாம் மாடியில் நான்காம் கட்டிலில் வந்து படுத்தது ஏன்? அவன் மனைவி ஜாய்லீனுக்கு ஒற்றைத் தலைவலி. மாதத்தில் ஆறு நாள் அவள் திரைகளை இழுத்துவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு, அசையாமல் கிடப்பாள். கடையில் கிடைக்கும் மாத்திரைகள் எதற்கும் அந்த வலி அசையவில்லை. பெயர்கூட இன்னும் சூட்டப்படாத, எண் மட்டுமே உடைய ஒரு புது மாத்திரை வருகிறது, அதை நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் நோயற்ற எண்மர் உடலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும் என அறிவிப்பு வந்தது. மெர்வின் அன்றே பெயர் கொடுத்தான்.

எண்மருக்கும் இருபத்திரண்டு பக்க விதிநூல் தரப்பட்டது. ஏழரை மணிக்குக் காலை உணவு; தட்டில் வைத்ததை ஒரு துணுக்கு விடாமல் தின்ன வேண்டும். எட்டு மணிக்கு மாத்திரை. அதன்பின் கடிகாரம் பார்த்துக் குருதி எடுப்பு, பதினான்கு குழாய். காபி ஆகாது. சாக்லேட் ஆகாது. மது ஆகாது. கசகசா தூவிய பன் ஆகாது. பப்ளிமாஸ் ஆகாது. வெளியுணவு எதுவும் ஆகவே ஆகாது. ஏனையோர் கடைசிப் பக்கத்தில் மட்டும் கண்ணோட்டிக் கையெழுத்திட, நம் வீரன் ஒருவனே இருபத்திரண்டு பக்கத்தையும் படித்தான், மூன்று எழுத்துப்பிழையும் கண்டுபிடித்துச் சொன்னான்.

ஆயினும் அந்தோ! பிறர் காலுறையைச் சோதித்தறியாத கூடம் அது. இருபத்தொன்பது ஆண்டு அனுபவத்தில், மக்கள் எதை எங்கே ஒளிப்பர், எங்கே எவரும் தேடார் என்பதை அவனினும் நன்கறிந்தார் அவனியில் இல்லை. ஞாயிறு மாலை பைகளைச் சோதித்த செவிலி மெலே, டோங்கா தீவத்துப் பெருமாட்டி, தோள் அகலத்தால் வாயிலையே அடைக்கவல்லவள், அவன் பையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மூடினாள்.

"உங்களை என்னத்த செக் பண்றது மெர்வ்? நீங்க எங்களையே செக் பண்ற ஆளு."

சுருட்டிய இடது காலுறைக்குள், வீட்டு அலமாரியில் இருந்து அவன் எடுத்துவந்த ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில், மார்மலேடு என்னும் மஞ்சள் நிறப் பழத்தோல் ஜாம் நிறைந்து, மூச்சுவிடாமல் படுத்திருந்தது.

அது ஏன் என்பீராயின், சோதனைக்கூடத்து டோஸ்ட்டைக் கண்டறியாதவர் நீவிர். வெண்ணெய் என்ற பெயரில் ஏதோ ஒன்று பூசப்பட்டு, வளைத்தால் வளையாது, கடித்தால் கடிபடாது, வெயிலில் காய்ந்த செருப்பின் அடித்தோல் போல் இரண்டு துண்டு. அதைக் கடைசித் துணுக்கு வரை தின்றாக வேண்டும் என்பது விதி. தின்னும்போது மெலே எதிரே நின்று பார்ப்பாள். அவள் ஐந்தாம் கட்டில் பக்கம் திரும்பும் நேரம் ஏறத்தாழ நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடியே குருக்ஷேத்திரம்.

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் போர் தொடங்கிற்று. போர்வைக்குள் பாட்டில். பாட்டில் மேல் மூடி. ஜாய்லீன் தன் கையால் இறுக்கிய மூடி, பிறர் கைக்கு எளிதில் இளகுமோ? வலக்கை திருக, இடக்கை பற்ற, முழங்கால் இரண்டும் இடுக்கிபோல் நெருக்க, நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை அரும்ப, கழுத்து நரம்பு டிராம் கம்பிபோல் புடைக்க, களிற்றோடு பொருத மல்லன் போல் எம்பெருமான் மூடியோடு பொருதான். முப்பத்தொன்றாம் வினாடியில் மூடி 'டொக்' என்று அலறித் தோற்றது. அவ்வொலியை அவன் ஓர் இருமலால் புதைத்தான்.

"சளி பிடிச்சிருக்கா?" என்று திரும்பினாள் மெலே.

"ரொட்டித்தூள் சிஸ்டர், தொண்டையில."

அன்று ஒரு கரண்டி. செவ்வாய் ஒரு கரண்டி. புதன், வியாழன் நாளொன்றுக்கு ஒன்றரை. வெற்றி மனிதரைப் பேராசைக்காரர் ஆக்கும்.

இனி மாத்திரைப் படை புறப்பட்ட வழியைச் சொல்வாம். எட்டு மணிக்கு ஒரு வாய்த் தண்ணீரோடு இறங்கிய அம்மாத்திரை, வயிற்றின் அமிலக் கடலில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாக் கோடானுகோடி வீரராய்ப் பிரிந்து, குடல் என்னும் நெடுஞ்சுவரை முற்றுகையிட்டது. அச்சுவரில் நொதி என்னும் வாயிற்காவலர் நிற்பர். வருவோர் மருந்தா நஞ்சா என்று அவர் விசாரியார். அயலார் என்றால் வெட்டுவதே அவர் தொழில். அவரைத் தாண்டினால் கல்லீரல்; அங்கும் அதே குலத்துக் காவலர். பத்துப் பேர் கிளம்பினால் மூவரே குருதி ஆற்றில் இறங்கித் தலை வரை சென்று, வலி பிறக்கும் நரம்பின் வாயிலை அடைப்பர். மருந்து செய்தோர் இது அறிவர். மூவர் சேர வேண்டுமாயின் பதின்மரை அனுப்பு என்று, சாகப்போகும் எழுவரையும் சேர்த்தே அளவு குறித்திருந்தனர்.

மற்ற ஏழு கட்டிலிலும் கணக்கு பிசகவில்லை. நான்காம் கட்டிலில் மட்டும் குடல்வாயிற் காவலர் நிராயுதபாணியாய் வீழ்ந்து கிடந்தனர். வீழ்ந்த அக்காவலர் எழார். புதியவர் பிறந்து வளர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் மறுநாள் காலை அவரையும் வீழ்த்த யாரோ வந்துவிடுவர். பதின்மரில் ஒன்பதின்மர் கொட்டகைக்குள் புகும் மாடுகள் போல உள்ளே நுழைந்தனர்.

புதனன்று வீரன் எழுந்து நின்றபோது அவனுக்கு இரண்டு மெலே தெரிந்தனர். ஒரு மெலேயே வாயிலை அடைப்பவள் ஆதலின் அவன் அஞ்சி அமர்ந்தான். இரத்த அழுத்தக் கருவி தாழ்ந்த எண்ணைக் காட்டி முனகியது. அன்று பிற்பகலே ஜாய்லீன் தொலைபேசியில் வந்தாள்.

"மெர்வ், பொருட்காட்சிப் போட்டிக்குன்னு அலமாரில ஆறு பாட்டில் எடுத்து வச்சேன். அஞ்சுதான் இருக்கு. ஆறு இல்லாம சேத்துக்க மாட்டாங்கப்பா. நீ பாத்தியா?"

"நான் ஆஸ்பத்திரில படுத்திருக்கேன்மா," என்றான் அவன். அது பொய்யன்று. 'மெஷின் வேலை செய்யல' என்பதும் பலநாள் பொய்யன்று.

வியாழன் மதியம் ஆய்வகத்து எண்கள் வந்தன. மற்றவர்க்கு நூறு என்றால் நான்காம் கட்டிலுக்கு முந்நூற்றுப் பத்து. சோதனையின் தலைமை மருத்துவர் பெரி, ஒல்லியான அம்மையார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகே அமர்ந்தாள்.

"மெர்வ், ஒளிக்காம சொல்லுங்க. வேற மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"மூலிகை டீ? தூக்கத்துக்கு ஏதாவது?"

"இல்ல."

"பப்ளிமாஸ் ஜூஸ்? அது குடல் நொதிய முடக்கி மருந்த ஏத்திவிடும்."

"ஒரு சொட்டுகூடக் குடிக்கல டாக்டர்."

ஆம், அவன் குடிக்கவில்லை. ஆனால் அவன் காது அவ்விடையைக் கேட்டதும் திடுக்கிட்டது. ஓடும் வண்டியில் பத்தாயிரம் முறை கேட்ட குரல் அது.

பெரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப மருந்து மேலதான் சந்தேகம். எட்டு பேர்ல ஒருத்தருக்குக் காரணமே இல்லாம மூணு மடங்கு ஏறுதுன்னா, நாளைக்கு வெளியில லட்சம் பேர் போடும்போது யார் யாருக்கு ஏறும்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குப் பாதுகாப்புக் குழு கூடுது. நிறுத்திருவாங்க. நான் அந்தக் குழுவில இருந்தாலும் நிறுத்தத்தான் சொல்வேன்."

அவள் போனபின் ஐந்தாம் கட்டிலில் இருந்து கிரெய்க் எட்டிப்பார்த்தான். மதுக்கடைகளில் டிரம் அடிப்பவன், இது அவனுக்கு ஒன்பதாவது சோதனை.

"இன்ஸ்பெக்டரே, உம்ம உடம்பு என்ன சாதாரண உடம்பா? ஒரு மருந்தையே ஊத்தி மூடிருச்சே!"

"சும்மா இருய்யா."

"நெசமாத்தான். ஒருதடவ நிறுத்திட்டா அப்புறம் அந்த மாத்திரைய எவனும் தொட மாட்டான். நானே ரெண்டு பாத்துட்டேன். நல்ல மருந்தா கூட இருந்திருக்கும், யாருக்குத் தெரியும்?"

வெள்ளி விடிந்தது. டோஸ்ட் வந்தது. வீரன் முதன்முறையாக அதை வெறுமையாய்த் தின்றான். எட்டு மணிக்கு மற்றவர்க்கு மாத்திரை தரப்பட்டது; நான்காம் கட்டிலுக்கு இல்லை. "உங்களுக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க," என்ற மெலே, வழக்கமான கேலி இன்றி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். பெரி அறிக்கையோடு முன்னே போக, கூட்ட அறைக்குக் குழுவினர் நால்வர் கோப்புகளோடு போயினர். இம்மருந்தால் தமக்கு ஆதாயமும் இல்லை, அதனோடு பகையும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தோர். எண்ணைத் தவிர எவர் முகத்தையும் பாராதோர். மெர்வினுக்கு அவர்களைப் பிடித்திருந்தது. தன் வகையினர் என்று எண்ணினான், எண்ணிய மாத்திரத்தில் அவன் பார்வை சுருட்டிய காலுறைமேல் போயிற்று.

எட்டு நாற்பத்தைந்துக்குப் போன் அடித்தது. ஜாய்லீன். வெளிச்சம் படாத அறையிலிருந்து மட்டுமே வரும் சின்னக் குரல்.

"ஆரம்பிச்சிருச்சு மெர்வ். சும்மா உன் குரல் கேக்கணும்போல இருந்துச்சு. அந்த மருந்து... வந்துருமாப்பா?"

"வந்துரும். நீ கண்ண மூடிப் படு," என்றான் வீரன்.

பின் எழுந்தான். எழுந்ததும் மாடி ஒருமுறை சுழன்றது. கட்டில் கம்பியைப் பற்றி அதை நிறுத்தினான். முதுகில் முடிச்சவிழ்ந்த ஆஸ்பத்திரி அங்கி கொடிபோல் பறக்க, கையில் செருகிய ஊசிமேல் ஒட்டிய பஞ்சு விருதுபோல் விளங்க, வலது காலில் காலுறையும் இடது காலில் வெறுமையுமாய், இடக்கையில் முக்காலும் தீர்ந்த பாட்டிலை வேல்போல் ஏந்தி, பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள அந்தத் தாழ்வாரத்தைப் பாலைநிலம் கடப்பான் போல் அவன் கடக்கலானான்.

"மெர்வ்! நில்லுங்க! விழுந்துருவீங்க! அதென்ன கையில?" என்று மெலே பின்தொடர்ந்தாள். "இன்ஸ்பெக்டரே, பின்னால எல்லாம் தெரியுது!" என்று கிரெய்க் கட்டியம் கூறினான். வீரன் எதற்கும் திரும்பவில்லை.

கூட்ட அறைக் கதவை அவன் திறந்தபோது சுவர்க்கடிகாரம் எட்டு ஐம்பத்தொன்று. நால்வர் தலை நிமிர்ந்தனர். பெரியின் பேனா நின்றது. அக்கணம், இருபத்தொன்பது ஆண்டுகளில் அவன் வீழ்த்திய சாக்குகள் அத்தனையும் உயிர்த்தெழுந்து அவன் நாவின்மேல் அணிவகுத்தன: அது வேறொருவர் பாட்டில், அது பையில் தானாக வந்தது, இன்றுதான் முதல் முறை, பலகையில் எழுதியது கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றையும் அவன் முகம் பார்த்து அடையாளம் கண்டான். ஒவ்வொன்றையும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டான். வண்டி காலியாயிற்று. பாட்டிலை மேசைமேல், எண்கள் நிறைந்த தாளின் நடுவே, வைத்தான்.

"டாக்டர், நான் தினமும் காலைல டோஸ்ட்ல பப்ளிமாஸ் மார்மலேடு தடவித் தின்னேன்."