கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு கத்தல்

பொறுமைக்கும் உரத்த குரலுக்கும் பேர்போன என் அன்பு அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்கால் நலம், அம்மாவின் கோபம் நலம், சித்தப்பாவின் கிட்டார் நலம். நான் மட்டும் நலமில்லை. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இருந்தால் உடனே ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு சனிக்கிழமைக்குள் இங்கே வந்து சேர். காரணம் கீழே இருக்கிறது.

வீட்டில் எல்லாரும் என்னிடம் அன்பாக நடந்துகொள்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் அப்பா. தெரு முனையில் எவன் வீட்டு ஃப்ரிட்ஜில் கேஸ் கசிந்தாலும் நம் கடையிலிருந்தே காதில் வாங்கிவிடுகிற மனிதர், ஒரு வாரமாக நான் சாப்பிடக் கூப்பிட்டால் "காது கேக்கலைம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்கிறார். பக்கத்தில் போய்ச் சொன்னால், "கிட்ட வராதே, அங்கயே நின்னு கூப்பிடு" என்கிறார். அம்மா காலையில் கேட்காமலேயே தேன் கலந்த சுடுதண்ணீர் தருகிறாள். என்றைக்காவது எனக்குக் கேட்டது கிடைத்திருக்கிறதா? சித்தப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் வராததுமாக, "மாடியில பூனை இருக்கு பாரு, ஒரு அதட்டு போடு" என்கிறார். மாடியில் பூனையே இல்லை. சலூன்காரர் மொட்டை இவர்களுக்கும் ஒரு படி மேலே. சலூனில் கூப்பிட்டு உட்காரவைத்து, காசு வாங்காமல் என் முடியைத் திருத்திவிட்டு, "உனக்கு நல்ல கனமான குரல்ம்மா, கழுத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார். இத்தனை வருஷமாக என் கழுத்தைப் பார்க்கிறார், இப்போதுதான் தெரிந்ததாம்.

நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? மறுபடி பள்ளிக்கூடத்தில் தள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்று பாடத்தை வாசி என்று டீச்சர் சொல்ல, நான் வாய் திறக்காமல் நிற்க, வகுப்பே காத்திருக்க, மணி அடிக்க, நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் புத்தகப் பையைப் பரண் மேலே இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். ஆனால் விஷயம் அதைவிட மோசம்.

செவ்வாய்க்கிழமை கடையின் பின்னறையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்து கதவு ரப்பர் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் அப்பா சொல்கிறார், "மெதுவாத்தான் கொண்டு வரணும், மிரண்டுடும்." சித்தப்பா கேட்கிறார், "அண்ணே, பொண்ணா கன்னுக்குட்டியா?" "கன்னுக்குட்டின்னாக்கூட கத்துமே!" என்கிறார் மொட்டை. மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அப்போதுதான் புரிந்தது. நீ கல்யாணமாகிப் போனதால் காலியான இடத்துக்கு என்னைப் பிடித்துப் போடப் பார்க்கிறார்கள்!

இந்தக் கடிதத்தை அத்தானுக்கும் படித்துக் காட்டுவாய். அவருக்கு நீ வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டிருப்பாய், அதனால் நானே சொல்கிறேன். அத்தான், இவர்கள் கொண்டாடுகிற பழைய ராக் குழு கலைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அதில் இருந்தவர்களே அந்தப் பாட்டுகளை மறந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் விடுவதாக இல்லை. அப்பா பாட்டு, சித்தப்பா கிட்டார், மொட்டை டிரம்ஸ். அந்தக் குழு கடைசியாக மேடையில் வாசித்த ரெக்கார்டை வருஷா வருஷம் கூட்டம் கூட்டி மேடையில் அப்படியே வாசிப்பார்கள், இந்த வருஷம் வருகிற சனிக்கிழமை. அப்படியே என்றால் அப்படியே. இரண்டாவது பாட்டில் கிட்டார்காரன் இருமியிருப்பான், சித்தப்பாவும் இருமுவார். போன வருஷம் இருமல் வறட்டு இருமலாகிவிட்டது, ரெக்கார்டில் சளி இருக்கும் என்று ஒரு பெரியவர் வந்து சண்டை போட்டார். நாலாவது பாட்டில் கூட்டத்தில் யாரோ கண்ணாடி டம்ளரை உடைத்திருப்பார்கள். அது என் வேலை. திரைக்குப் பின்னால் வாளிக்குள் போடுவேன், யாரும் என்னைப் பார்க்க முடியாது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் எல்லாம் அடங்கி ஒரு அமைதி வரும். அந்த அமைதியில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் "ஏஏஏய்!" என்று கத்துவாள். பாடகன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் டிரம்ஸ் ஆரம்பிக்கும். அத்தான், அந்தப் பெண் உங்கள் மனைவி. இத்தனை வருஷமும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்.

அக்கா, நாற்காலி மேல! கூட்டத்துக்கு நடுவுல! எல்லாரும் திரும்பிப் பார்க்கிற இடத்துல! நான் அப்பாகிட்ட நேராவே சொல்லிட்டேன், நான் மாட்டேன்னு. "உன்னை யாரு கேட்டா?" அப்படின்னுட்டார். கேட்கவே இல்லையாம்! அப்புறம் எதுக்கு அந்தத் தேன்? கத்தல் இல்லேன்னா அவர் சிரிக்க முடியாது, சிரிக்கலேன்னா மொட்டை ஆரம்பிக்க முடியாது, கடைசிப் பாட்டே இல்லாம எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும், அந்தப் பழி என் தலையில விழும். அதனால நீ வந்துதான் ஆகணும். பஸ்ல வந்தா வாந்தி வரும்னு சாக்குச் சொல்லாதே. அத்தானுக்கு லீவு இல்லேன்னா அவரை விட்டுட்டு வா, அவர் கத்தத் தேவையில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மாமியாருக்கு என் பணிவு. உன் தொண்டை என்றும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
திரைக்குப் பின்னாலேயே இருக்க விரும்பும்
உன் தங்கை

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்றைக்குக் கடையின் பின்னறையில் ஒத்திகை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் அப்பா நிறுத்தி, "அந்தக் கத்தலை விட்டுடலாம்டா. நான் சும்மாவே சிரிச்சிடறேன், எவனுக்குத் தெரியப் போகுது" என்றார். "அப்ப இருமலையும் விட்டுடலாண்ணே" என்றார் சித்தப்பா. அப்பா சும்மாவே சிரித்தார். எழவு வீட்டில் லாட்டரி விழுந்தவன் மாதிரி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து எழுந்து "ஏஏஏய்!" என்று கத்திவிட்டேன். அப்பா நிஜமாகவே சிரித்தார். மொட்டை ஆரம்பித்தார். பாட்டு முடியும் வரை மூன்று பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் ஒன்று, அப்பாவின் பொய்ச் சிரிப்பு முடிந்தும் மொட்டை அடிக்கவில்லை; நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கை குச்சியோடு மேலே தூக்கியபடி காத்திருந்தது. நான் பார்த்தேன். ஏமாற்றிவிட்டார்கள்.

ஆகையால் நீ வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் கடைசி வரிசையில் உட்கார். அந்த இடம் வரும்போது அத்தானை உன் வாயைப் பொத்தச் சொல். உனக்குப் பழக்கதோஷம், எனக்கு உன் மேல் சந்தேகமாக இருக்கிறது.