ஆயிரம் காதுள்ள அம்முலுவும் என் தங்கையும்

எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்பார்கள், சொந்த வீட்டில் இருப்பவரிடம் மட்டும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. என் தங்கை செல்விக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. சிறுவர்களுக்காக நான் எழுதிய முதல் நாவலின் நாயகிக்கும் கண் தெரியாது. எழுதி முடிக்கும்வரை செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? ம்ஹூம். (கூடவே வளர்ந்தவனுக்குத் தெரியாததா!)

நாயகி பெயர் அம்முலு. கையில் ஸ்டிக் கிடையாது. காலடிச் சத்தத்தை வைத்தே தெருவில் போகிறவர் கோபத்தில் இருக்கிறாரா, காய்ச்சலில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். கடைசி அத்தியாயத்தில், சீசன் கூட்டத்தில், குற்றாலம் பேரருவியில் ஒரு குழந்தை தொலைந்துபோகிறது. போலீஸ் கைவிரித்துவிடுகிறது. அம்முலு கண்ணை மூடிக்கொண்டு (ஏன் மூடினாள் என்று இன்றுவரை எனக்கே தெரியாது) அருவி இரைச்சலுக்கு நடுவே அந்தக் குழந்தையின் விசும்பலைக் கேட்கிறாள். நேரே நடந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருகிறாள். இதை எழுதிவிட்டு நானே அழுதேன், அவ்வளவு பெரிய கிறுக்கன்.

நிஜச் செல்வியோ இலத்தூரிலிருந்து தென்காசிக்குத் தினமும் தனியாக பஸ் ஏறி, ஸ்டிக்கைத் தட்டிக்கொண்டே வங்கி வேலைக்குப் போய்வருகிறவள். காலடிச் சத்தத்தில் என்னையே பலமுறை பால்காரர் என்று நினைத்திருக்கிறாள். அதெல்லாம் கதைக்கு உதவுமா?

பதிப்பாளர், பின்னட்டையில் உங்கள் தங்கையை அருவி முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ போடலாமே என்றார். செல்விக்குப் பேரருவி என்றாலே ஆகாது. ஏன் ஆகாது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் புத்தகமாயிற்றே என்று பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா மட்டும் வாசல்வரை வந்து, "ஏலே, சீசன் கூட்டம். அவ கைய விட்டுராத" என்றாள்.

காரை விட்டு இறங்கும்போது ஸ்டிக்கை வண்டியிலேயே வைத்துவிடச் சொன்னேன். அம்முலுவிடம் ஸ்டிக் இல்லையே, போட்டோவில் மட்டும் எப்படி வரலாம்? செல்வி சற்று யோசித்தாள். பிறகு அதை மடக்கி சீட்டில் வைத்துவிட்டு, "அப்பம் உன் கையத் தா" என்றாள்.

நல்ல சாரல். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. கம்பி ஓரமாக அவளை நிறுத்தி, காதோடு காதாக அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, கையை விட்டேன். பத்தடி பின்னால் வந்து, சிரி சிரி என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. போன் மேல் தண்ணீர் தெறித்திருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கம்பி இருக்கிறது, செல்வியைக் காணோம்.

பெண்கள் குளிக்கும் பக்கமாகப் பச்சைச் சேலை ஒன்று போவது தெரிந்தது. பின்னாலேயே ஓடினேன். விசில் ஊதிக்கொண்டே ஒரு பெண் போலீஸ் மறித்தார். பெண்கள் பக்கத்தில், கையில் போனோடு, மூச்சிரைக்க நிற்கிறேன்.

"போட்டோ எடுக்கவாவே வந்தீரு?"

"ஆமா மேடம், போட்டோ எடுக்கத்தான் வந்தேன்" என்றேன், உத்தமன்.

போன் பறிபோனது. யாரோ ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் முதுகில் ஒன்று வைத்தார். தங்கச்சி, கண் தெரியாது, பச்சைச் சேலை என்று நான் கத்தியது அந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் நான் அழுவதைப் பார்த்துத்தான் அந்தப் போலீஸ் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து உள்ளே போய்ப் பார்த்தார்.

உடை மாற்றும் அறையின் சுவரில் முதுகை ஒட்டவைத்தபடி செல்வி நின்றிருந்தாளாம். பட்டுச்சேலையில் தண்ணீர் ஒழுக, ஒரு கையை இறுக்கி மூடியபடி வந்தாள். குளிக்க வந்த யாரோ நல்ல மனசுக்காரர்கள், பாவம் தனியாக நிற்கிறாளே என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அருவியைக் கண்டதும் இவளை மறந்துவிட்டார்கள்.

காரில் ஏறியதும்தான் கையைத் திறந்தாள். நனைந்துபோன ஒரு பத்து ரூபாய் நோட்டு.

"யாரோ கையில வச்சிட்டுப் போயிட்டாங்கண்ணே. வேண்டாம் வேண்டாம்னேன். எனக்கே என் சத்தம் கேக்கல."

நான் வண்டியை எடுக்கவில்லை. அவள்தான் மறுபடியும் பேசினாள்.

"எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். எங்கன நிக்கேன்னே தெரியல. உன் அம்முலுவுக்கு மட்டும் எப்படிண்ணே கேட்டுச்சு?" பிறகு, "கண்ணு தெரியாத பிள்ள ஒண்ணு அதப் படிச்சா, தன் காதும் சரியில்ல போலன்னுல்லா நெனைக்கும்" என்றாள்.

நாவலைப் பதிப்பாளரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். இந்த முறை செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். புது அம்முலுவிடம் ஸ்டிக் உண்டு, வாய்த்துடுக்கு உண்டு, அருவி என்றால் பயமும் உண்டு. பதிப்பாளர் படித்துவிட்டு, இதில் அதிசயம் ஒன்றுமே இல்லையே சார் என்றார். அது இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது.

வீட்டில் அம்மா மிக்ஸியைப் போட்டால் போதும், செல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இருங்க, எங்கனயோ ஒரு பிள்ள அழுவுது, எனக்குக் கேக்குது" என்பாள். என் மனைவி, மகள், அம்மா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போட்டோ எடுக்கப்போய் அடிவாங்கிய கதையை யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் சிரிப்பேன். செல்விதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆனால் குடும்பமாக வெளியே கிளம்பும்போது அவள் என் மகளின் தோளைத்தான் பிடித்துக்கொள்கிறாள். அருவிக்குப் போன நாளுக்கு முன்னால்வரை என் தோளைத்தான் பிடிப்பாள். அவர்கள் இரண்டு பேரும் படியிறங்கும்வரை, நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.