நிலக்கீழ் அறையில் முப்படைச் சபை

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
ஆவணிக் கடைசி

பத்திரிகை ஆசிரியர் தம்பி இளங்கோ அவர்களுக்கு யோகம்மா எழுதிக்கொள்வது.

இங்கு நான் சுகம். உங்கள் சுகத்தைக் கடைத்தொகுதியில் மரக்கறிப் பக்கம் நின்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறது, சந்தோஷம். என் கணவரின் நினைவஞ்சலியில் அவரைவிட மெலிந்த வேறொருவரின் படத்தை உங்கள் பத்திரிகை போட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் இது அதைப் பற்றிய கடிதம் அல்ல.

இராணுவ சபைகள் நாடுகளை ஆள்வது பற்றிச் சென்ற இதழில் நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் விளங்கியது. முப்படைத் தளபதிகளும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து தங்களுக்குத் தாங்களே சபை என்று பெயர் வைப்பார்கள், சட்டத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைப்பார்கள், தற்காலிகம் என்பார்கள், நிலைமை சீரானதும் தேர்தல் என்பார்கள், எல்லோரும் சமம் என்பார்கள், பிறகு ஒருவர் மட்டும் சனாதிபதியாகி மற்றவர்களைத் தூரதேசத்துக்குத் தூதுவராக அனுப்பிவிடுவார். எல்லாம் சரி. மட்டக்களப்பில் நானும் எத்தனையோ கட்டளைப்பீடங்களின் கீழ் அரிசி வாங்கியவள். 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிக்கொண்டு படலைக்கு வந்தவர்களில் மேலிடத்தை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. கடைசி வரியில்தான் உங்களுக்குப் பிழைத்துவிட்டது. நோர்வே போன்ற நாடுகளில் இது நடக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது தம்பி. இந்தச் சித்திரையில், எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் நடந்தது.

அந்த அறையைப் புதன்கிழமைகளில் தமிழ் முதியோருக்கென்று வட்டார அலுவலகம் தந்திருக்கிறது. கிழமையில் மற்ற நாளெல்லாம் நாங்கள் யாருக்கோ மாமி, யாருக்கோ அம்மம்மா, யாருடைய பிள்ளையையோ பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிற ஆள். புதன்கிழமை மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, சும்மா இருக்கலாம். அந்த அறை போனால் எங்களுக்கு மிஞ்சுவது பிள்ளைகளின் சோபாவும், அதில் 'கால் வைக்காதேங்கோ' என்கிற சத்தமும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

வருடப் பிறப்புக்குப் பிறகு வந்த முதல் புதன் என்று எங்களில் ஒருத்தியான சகுந்தலா வடை சுட்டாள். வெளியில் பிந்தி வந்த பனி, ஆகவே ஜன்னல் பூட்டு, ஆகவே புகை, ஆகவே தீ எச்சரிக்கை மணி. கட்டடத்து ஆட்கள் முழுவதும் இறங்கிப் பனிக்குள் நின்றார்கள், ஒருவர் குளித்த துவாயோடு. தீயணைப்பு வாகனம் வந்தது. வந்தவர்கள் சட்டியைப் பார்த்தார்கள், ஒருவன் ஒரு வடை தின்றான், கட்டடப் பராமரிப்பாளன் 'பரவாயில்லை' என்றான். இந்த நாட்டில் ஒருவன் பரவாயில்லை என்றால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. ஞானசேகரம் மாஸ்டருக்கு மட்டும் முடியவில்லை. அன்று பின்னேரமே நிலைமை பாரதூரமானது என்று அறிவித்து, அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பை என் கையிலிருந்து வாங்கி, 'ஒழுங்கு மீட்பு இடைக்காலச் சபை' என்று ஒன்றை உண்டாக்கினார். ஒரு மாதத்துக்கு மட்டும் என்றார்.

சபையில் மூன்று பேர். தரைப்படை மாஸ்டர்; ஊரில் உடற்பயிற்சி படிப்பித்தவர். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு கூரைத்தகரம் கொடுத்த வரிசையில், விழுந்த பிள்ளையைத் தூக்க நான் விலகியதற்கு விசில் ஊதி என்னைக் கடைசிக்கு அனுப்பினவர். எனக்குக் கிடைத்தது ஓட்டைத் தகரம். கடற்படை சூசைரட்ணம், மண்முனைத் துறையில் படகுக்கு டிக்கெட் கிழித்தவர், அது கடல் அல்ல, வாவி, இருந்தாலும் தண்ணீர்தானே. விமானப்படை ராகவன், மகன் இங்கே கணினி வேலை என்பதால் தமிழ்நாட்டிலிருந்து பேரப்பிள்ளை பார்க்க வந்தவர். அவர் ஒருவர்தான் உண்மையாகவே படையில் இருந்தவர், போர்வைக் களஞ்சியத்தில். முதலில் பிடிப்பது வானொலி நிலையம் என்று எழுதியிருந்தீர்கள். இவர்கள் பிடித்தது தொலைக்காட்சி ரிமோட். அடுத்து உத்தரவுகள்: பொரியல் தடை, உடற்பயிற்சி முடிந்த பிறகே தேத்தண்ணி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கதைக்கலாம். பெண்கள் எதிர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் எதிர்த்தேன். மற்றவர்கள் கையை மேலே தூக்கிக் கீழே இறக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு மாதம் இரண்டாகி, ஆனியில் வட்டார அலுவலகத்து ஜூலியா வந்தாள். மாஸ்டர் சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டு, தான் இடைக்காலத் தலைவர் என்றார்.

"ஆர் உங்களைத் தெரிவுசெய்தது?" என்று அவள் நோர்வே மொழியில் கேட்டாள்.

"நிலைமை" என்றார்.

"அவர் இண்டைக்கு வந்திருக்கிறாரோ?"

புரட்டாதி இரண்டாம் புதனுக்குள் ஆண்டுக் கூட்டம் வைத்துத் தலைவரைத் தெரிவுசெய்யாவிட்டால் அறை வேறு சங்கத்துக்குப் போகும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். இங்கே பயங்கரமான விஷயங்களை எல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

பிறகு யூலை வந்தது. யூலையில் ஒஸ்லோவில் ஒரு ஆட்சியும் நிற்காது தம்பி, எல்லோருக்கும் விடுமுறை. மாஸ்டர் மகளிடம் ரொறொன்ரோவுக்கு, சூசைரட்ணம் பிரான்சுக்கு லூர்து மாதாவிடம், ராகவனுக்கு விசா முடிந்து கோயம்புத்தூர். திறப்போ ஒன்று. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து சோபாவில் வரிசையாக இருந்தார்கள்.

"அக்கா, திறப்பை நீங்கள் வைச்சிருங்கோ" என்றார் மாஸ்டர்.

"ஏன், உங்கடை கடற்படையிட்டைக் குடுக்கிறதுதானே. லூர்து கிட்டத்தானே, முதல் வந்திடுவார்."

"அதுதான் பயம்" என்றார் மாஸ்டர்.

சூசைரட்ணம் முகட்டைப் பார்த்துக்கொண்டு, "மூண்டு மாசமாத் தேத்தண்ணி ஊத்தினது நான். விசில் மட்டும் அவரின்ரை வாயிலை" என்றார்.

"என்னை நம்பி எப்பிடித் தாறியள்?"

ராகவன்தான் சொன்னார்: "அம்மா, நீங்க இவர மன்னிக்க மாட்டீங்க. அவரையும் மன்னிக்க மாட்டீங்க. யார் தனியா வந்து கேட்டாலும் சாவி கிடைக்காது. இதைவிடப் பாதுகாப்பான இடம் ஒஸ்லோவுல கிடையாது."

அது மெய். வாங்கிக்கொண்டேன்.

யூலை முழுக்க நானும் சகுந்தலாவும்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு வடை சுட்டோம், ரிமோட் என் கையில். இரண்டாம் புதன் அவள் சொல்கிறாள்: "அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தப் பயிற்சியாலை எனக்கு முழங்கால் நோவு குறைஞ்சது. ஒராள் ஒராளாக் கதைச்சதாலை மற்ற ஆள் சொல்லுறதும் கேட்டது." இதையும் நான் மறக்கப்போவதில்லை.

ஆகவே உங்கள் பத்திரிகையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடவேண்டியது: புரட்டாதி இரண்டாம் புதன், பின்னேரம், ஆண்டுக் கூட்டம். இடைக்காலச் சபை எதிலும் இருந்தவர் தலைவர் பதவிக்கு நிற்கக்கூடாது. யோகம்மா நிற்கிறாள். அறையைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் வந்து கை தூக்கவும். உங்கள் கடைசி வரியையும் திருத்திப் போடவும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும், உங்கள் கணினியில் படங்கள் மாறிப்போகாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
யோகம்மா

பி.கு.: கடிதத்துக்கு முத்திரை வாங்கப் பிந்தியதில் கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. ஊருக்குப் போன ராகவனைத் தவிர எல்லோரும் வந்தார்கள். ஜூலியா, தலைவருக்கு ஒரு பெயர் சொல்லுங்கள், தன்னைத் தானே சொல்லக்கூடாது என்றாள். நான் காத்திருந்தேன். ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. சகுந்தலா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் விருப்பம், ஆனால் என் முகத்துக்குப் பயம். ஜூலியா கணினியை மூடப்போனாள். மூடினால் அறை போய்விடும். நான் கையைத் தூக்கி, "ஞானசேகரம்" என்றேன். எல்லாக் கைகளும் எழும்பின.

வெளியில் வந்ததும் மாஸ்டர், "ஏன் அக்கா?" என்று கேட்டார்.

"நீங்களா வந்து இருந்தா உங்களை இறக்க எனக்கு ஒரு வழியுமில்லை மாஸ்டர். நாங்கள் ஏத்தினா வருசத்துக்கு ஒருக்கா இறக்கலாம்."

அவர், "அடுத்த வருசம் எத்தினையாம் திகதி?" என்றார்.

ஆகவே தம்பி, மேலே உள்ள ஒன்றையும் போடவேண்டாம். எறிந்துவிடவும் வேண்டாம். அடுத்த ஆவணி வரை பத்திரமாக வைத்திருங்கள்.