மறைக்க இடமில்லாதவன் எழுதும் மதிப்புரை

மேபிள் ஃபோர்க், ஆர்கன்சா
திங்கட்கிழமை

‘இடுப்புவார்’ மாத இதழின் மாண்புமிகு ஆசிரியரும், என் மனைவி வெர்லீனின் உடன்பிறந்த தம்பியுமாகிய திரு. கார்விஸ் புரூயிட் அவர்களுக்கு,

அத்தான் ஆரின் டாக்கெட் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வெர்லீனும் நாயும் நலம். அங்கே தாங்களும் தங்கள் மனைவியும் தாங்கள் புதிதாகக் கட்டிக்கொண்ட பற்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஆசிரியருக்கு எழுதும் கடிதம் என்பதால் ‘தாங்கள்’ போட்டிருக்கிறேன். இரண்டு பத்திக்குள் ‘நீ’ வந்துவிடும், பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாக வந்திருக்கும் ‘ரென்’ கைத்துப்பாக்கியின் மதிப்புரை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதோடு விட்டிருக்கலாம். இந்தத் தடவையும் உருப்படியாக வராவிட்டால், என்னுடைய ‘இடுப்போடு இடுப்பாக’ பகுதியை லிட்டில் ராக்கில் இருக்கிற அந்தத் தாடிக்காரப் பையனிடம் கொடுத்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். காமிரா முன்னால் நின்று துப்பாக்கியைச் சேற்றில் முக்கி எடுத்துச் சுடுகிறானே, அவனிடம். அதைப் படித்த அன்று எனக்குக் கோழி வறுவல் இறங்கவில்லை. முதல் துண்டுதான் தானாக இறங்கியது, மற்றதையெல்லாம் தள்ளித்தான் இறக்கவேண்டியிருந்தது. கார்விஸ், என் பெயர் அச்சில் வருகிற ஒரே இடம் அது. முடிவெட்டும் கடையில் என்னை ‘எழுத்தாளரே’ என்று கூப்பிடுவது அந்த ஒரு பக்கத்தால்தான். அது போய்விட்டால் நான் கிணற்றுப் பம்பு விற்கிற ஒரு பருத்த ஆசாமி, அவ்வளவுதான்.

என் பகுதியின் சட்டம் உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். புதுத் துப்பாக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஞாயிறு சேர்த்து ஒரு வாரம் முழுக்க ஊருக்குள் நடமாடுவேன். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் துப்பாக்கி தேறியது. ஒருவர் கண்டுபிடித்தாலும் தோற்றது. இந்தச் சட்டத்தை நான் வகுத்தபோது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது.

நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்தேன். துப்பாக்கி, தோட்டா அடைக்கிற மேகசின் இரண்டு, உறை ஒன்று, பிறகு உறை செய்கிறவர்கள் அளவு பார்ப்பதற்காகக் கொடுக்கிற நீலப் பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி ஒன்று. பொம்மையை வெர்லீன் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்டாள். நிஜத்தை நான் மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோய் நாள் முழுக்கச் சுட்டேன். குறை சொல்ல மனம் வரவில்லை. கைப்பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறது, உதைப்பு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கிறது. ஆனால் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை, விசை வெண்ணெய் மாதிரி போகிறது, குறி வைத்த இடத்தில் குண்டு போய் உட்காருகிறது. ரென் என்கிற குட்டிக் குருவியின் பெயரை வைத்ததில் தவறே இல்லை. அதோடு எழுதி அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை உறையை இடுப்பில் மாட்டப்போனேன். இந்தக் காலத்தில் எல்லாரும் முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே வைக்கிறார்கள். என் தொப்புளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை நான் பார்த்து வெகு காலம் ஆகிறது. கையால் துழாவினேன், மூச்சைப் பிடித்தேன், கட்டிலில் மல்லாந்து படுத்தும் பார்த்தேன். செருப்பு மாட்டக் குனிந்தபோது துப்பாக்கியின் முனை எங்கே பார்த்தது என்பதை ஒரு குடும்பப் பத்திரிகையாசிரியருக்கு எழுதக் கூடாது. காப்பியோடு வாசலில் நின்ற வெர்லீனின் முகம் வெளுத்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“நில்லு. மூச்ச உள்ள இழு. இன்னும். அவ்வளவுதானா? சரி, நானே செருகறேன். ராத்திரி நானே எடுத்துப் பெட்டில வெச்சுப் பூட்டறேன். நீ கைய வெக்காத, ஆரின். அந்த எடத்துல ஒன்னு ஆச்சுன்னா நான் ஆஸ்பத்திரில என்னன்னு சொல்லுவேன்?”

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் செருகிவிடுவாள், நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரிக் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். இங்கே துப்பாக்கிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். முதல் நாள் கொஞ்சம் கனத்தது. பிறகு எடையே தெரியவில்லை, பஞ்சு மாதிரி இருந்தது. தயாரித்தவர்கள் கைக்கு முத்தம் கொடுக்கலாம்.

எனக்குத் தெரியாத எடை ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான் கொடுமை. மளிகைக் கடையில் மேல்தட்டிலிருந்து பீச் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன், சட்டையும் கூடவே எழுந்தது. பின்னால் பார்த்தால் ஷெரீப்பின் உதவியாளர் டாய்ல் ஹேச்சர் தள்ளுவண்டியோடு நிற்கிறார். என் இடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். “பாத்துப்பா எழுத்தாளரே, வெடிச்சிடப் போகுது” என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் சோளமாவு வரிசைப் பக்கம் போய்விட்டார். காப்பிக் கடையில் உட்கார்ந்தேன், தொப்பை ஏறியது, அதோடு துப்பாக்கியும் ஏறி மேசைக்கு மேலே எட்டிப் பார்த்தது. பரிமாறுகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, பேரன் வந்திருக்கிறானா என்று விசாரித்தாள். எனக்குப் பேரனே கிடையாது. வயதாகிவிட்டது என்று குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, மனம் நொந்து, இன்னொரு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள். நம் சபையில் வாசலில் கட்டிப்பிடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். இடுப்பில் வைத்திருக்கிறவன் கட்டிப்பிடிக்கிற முறை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் கைகள் கீழே போகவேண்டும், எதிராளியின் கைகள் தோளுக்கு மேலே போகவேண்டும், அப்போதுதான் அவன் கை நம் இடுப்பில் படாது. நான் கையைத் தாழ்த்திக்கொண்டு போனேன். எதிரே வந்த வெண்டல், பன்றிப் பண்ணை வைத்திருக்கிறானே அவன், அவனும் கையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். அவன் இடுப்பிலும் ஒன்று. நான் இன்னும் தாழ்ந்தேன், அவன் அதற்கும் கீழே தாழ்ந்தான். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. முழங்கால் மடங்க மடங்க இறங்கி, கடைசியில் நடைபாதைக் கம்பளத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மண்டியிட்டுவிட்டோம். “எந்திரி ஆரின், ஜனங்க பாக்கறாங்க” என்று அவன் காதில் முணுமுணுக்கிறான். எழுந்திருக்க முடிந்தால் நான் ஏன் அங்கே இருக்கப் போகிறேன்.

போதகர் லானி இதைப் பார்த்துவிட்டார். ஆராதனை தொடங்குமுன்னே இரண்டு பாவிகள் தாமாக மண்டியிட்டதை அவர் தம் ஊழியத்தில் கண்டதில்லையாம். கண்ணீரோடு ஓடிவந்து எங்கள் தலைமேல் கை வைத்தார். பியானோ தொடங்கிவிட்டது. சபை எழுந்து நின்று மெல்லிய குரலில் பாடுகிறது. நான் குனிந்திருக்கிறேன், சட்டை முதுகுவரை ஏறிவிட்டது, உறை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மொத்த சபையும் பார்த்தது, கார்விஸ். பாட்டு நடுவில் தடுமாறி, பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை இருமல் மாதிரி ஒன்று பரவியது. பிறகு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்தில் ஓப்பல் அம்மையார் என் தட்டில் முட்டை வைத்துக்கொண்டே, “கலர் நல்லா இருக்கு கண்ணு, ஒனக்கு எடுப்பா இருக்கு” என்றார்கள். என் கழுத்துப்பட்டை பழுப்பு நிறம். கண் மங்கிவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

ஆக, என் நிலைமையைப் பார். என் சட்டப்படி ‘ரென்’ தோற்றுவிட்டது, ஒருவர் அல்ல, ஒரு சபையே கண்டுபிடித்துவிட்டது. ஆனால் குற்றம் துப்பாக்கி மேலே இல்லை, அதைச் சுற்றியிருக்கிற என் மேலே. தோற்றது என்று எழுதினால் நல்ல துப்பாக்கிக்கு நான் துரோகம் செய்கிறேன். தேறியது என்று எழுதினால் இந்த ஊரே முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து அதைப் படித்துச் சிரிக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பகுதியைத் தாடிக்காரனிடமே கொடுத்துவிடு. அவன் ஒல்லி. என் படத்தை எடுத்துவிடுகிற மாதத்து இதழை மட்டும் எனக்கு அனுப்பாமல் இரு.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பற்கள் ஈறோடு பொருந்தி, இனிப்பும் இறைச்சியும் தாராளமாக மென்று, நீ நீண்ட நாள் வாழ ஆண்டவர் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
இனி எழுத்தாளன் அல்லாத உன் அத்தான்,
ஆரின்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுமுன் துப்பாக்கியையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று வெர்லீனிடம் கேட்டேன். அவள் பெட்டிப் பக்கம் போகவே இல்லை. போட்டிருந்த ஸ்வெட்டரைத் தூக்கித் தன் இடுப்பிலிருந்து ‘ரென்’னை எடுத்து, தோட்டாக்களைக் கழற்றி, மேசைமேல் வைத்தாள். என் இடுப்பிலிருந்ததையும் உருவி அதன் பக்கத்தில் வைத்தாள். அது நீலமாக இருந்தது.

“ரெண்டாம் நாளிலேந்து நீ பொம்மையத்தான் சுமக்கற. நீ குனியறதப் பாத்து எனக்கு உசிரே போச்சு. ஆனா பத்திரிகைல ஒன் பகுதி நிக்கக் கூடாதுல்ல? அதான் நான் வெச்சுக்கிட்டேன்.”

நிஜத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டே மளிகைக் கடைக்குப் போயிருக்கிறாள், டாய்லோடு நின்று வானிலை பேசியிருக்கிறாள், சபையில் அத்தனை பெண்களும் அவளைக் கட்டிப்பிடித்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. அன்றாடம் அவளைக் கட்டிப்பிடிக்கிற எனக்கும் தெரியவில்லை. இதை எழுதும்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “அன்றாடமா?” என்று கேட்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போடு. ‘ரென்’ தேறிவிட்டது. மதிப்புரையை அவளே சொல்கிறாள்: “நல்லாருக்கு. வெச்சிருக்கறது வீட்டுக்காரருக்கே தெரியல. சுண்டு விரல் மட்டும் தொங்குது.” இதையே சொல்ல நான் ஒரு முழுப் பக்கம் எழுதியிருப்பேன். தாடிக்காரனிடம் இடம் காலியில்லை என்று சொல்லிவிடு. அடுத்த மாதத்திலிருந்து என் படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்தையும் போடு. துப்பாக்கி அவள் இடுப்பில், எழுத்து என் கையில். காலையில் என் உறைக்குள் அவள் எதைச் செருகுகிறாள் என்று நான் கேட்கப்போவதில்லை.