மகாராணி, பார்த்தது போதும்

என் வீட்டுக்காரர் எதையாவது சரிசெய்யப் போகிறேன் என்று சட்டைக் கையை மடித்தால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன். அவர் சரிசெய்த மிக்ஸியை ஓட்டும்போது ஒரு ஆள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேடையிலிருந்து இறங்கி நடக்கும்.

அவர் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடுகிறவர். பில் போட்டுப் போட்டே எஞ்சினியர் ஆகிவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். அன்றைக்குப் பரண் மேலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினார்.

"இதை ரவுட்டரா மாத்தப் போறேன்."

"அப்படின்னா என்னங்க?"

"வீட்டுக்குள்ள வர்ற நெட்டுக்கு வாட்ச்மேன் மாதிரி. யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு இது பாத்துக்கும்."

"அதுக்குத்தான் சுவத்துல ஒரு பெட்டி இருக்கே?"

"அதுக்கு மூளை கிடையாது. கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துடும். உன்னை மாதிரி."

நான் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

கம்ப்யூட்டருக்கு மூடி போடவில்லை. போட்டால் சூடாகுமாம். உள்ளே பச்சைத் தகடும் வயருமாகக் குடல் சரிந்த மாதிரி கிடந்தது. காற்றாடி மேடேறும் லாரியாக உறுமியது. தவழும் குழந்தைக்கு உலகத்தில் வேறு எந்தப் பக்கமும் போகப் பிடிக்கவில்லை. நேராக அங்கேதான் போகும். நான் பின்னாலேயே ஓடுவேன்.

பின்பக்கம் இரண்டு ஓட்டை. இங்கிலீஷில் இரண்டு சீட்டு ஒட்டினார்.

"நல்லா பாத்துக்க. இந்த ஓட்டை வெளியிலேர்ந்து வாங்குறது. இந்த ஓட்டை நம்ம வீட்டுக்குக் குடுக்குறது. இந்தக் காம்பவுண்டுல இருக்கற ஆறு வீட்டுக்கும் ஒரே லைன். இதை மாத்திச் சொருகினா, அத்தனை வீட்டு போனும் இதுதான் எஜமான்னு நெனச்சு இது சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சுடும்."

நான் குழந்தையை இன்னும் தள்ளி உட்காரவைத்தேன். காரணம் மாடியம்மா. வீட்டுச் சொந்தக்காரர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை அழுகிறது என்று எங்கள் மேல் ஏற்கெனவே அவரிடம் புகார் போயிருந்தது. "இன்னொரு தடவை இந்த வீட்டால தொல்லைன்னு காதுல விழுந்துச்சு, மறுநாள் உங்க சாமான் ரோட்டுல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. கைக்குழந்தை என்றதும் எத்தனை பேர் எங்கள் முகத்தில் கதவைச் சாத்தினார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவர் கடைக்குப் போன பிறகு, குழந்தைக்குக் கவுன் வெட்டுவது எப்படி என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் துணியைத் தொடும் நேரம் திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

"மகாராணி! பார்த்தது போதும். போய் அடுப்பைப் பார்."

போன் கையிலிருந்து விழுந்தது. யாரோ என்னைப் பார்க்கிறார்கள்! முதலில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். அப்புறம் ஜன்னலைச் சாத்தினேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. உலகத்தில் என்னை மகாராணி என்று கூப்பிடுவது ஒரே ஆள்.

சாயங்காலம் வந்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எப்படி? காலையிலேர்ந்து நான் வர்ற வரைக்கும், என் போனைத் தவிர எந்தப் போன் உள்ள வந்தாலும் அந்த வரிதான்!"

 அந்தக் கம்ப்யூட்டரால் எனக்கு ஒரே லாபம், பின்னால் வந்த அனல்காற்று. குழந்தையின் ஈரத்துணிகளை அதன் மேல் போட்டால் சீக்கிரம் காய்ந்தது.

அந்தத் துணியே வினையாகிவிட்டது. ஒருநாள் மதியச் சமையலுக்கு நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். குழந்தை தொங்கிய துணியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது. துணி வந்தது. துணியோடு இரண்டு வயரும் வந்தன. வயரோடு சீட்டும் வந்தது. ஒரு சீட்டு வாய்க்குள் போய்விட்டது.

வாயில் விரல் விட்டுச் சீட்டை எடுத்த பிறகு வயரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீலம். ஓட்டையும் ஒரே மாதிரி. அவரைக் கேட்டால் கத்துவார். கண்ணை மூடிக்கொண்டு சொருகினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழ்வீட்டிலிருந்து தையல்காரரின் மனைவி குரல் கேட்டது.

"ஏய்யா, என்னையா அடுப்பைப் பாருங்கறே?"

"ஐயோ, நான் எழுதலடி! எனக்கும் வந்திருக்கு பாரு! என்னையும் மகாராணின்னுதான் போட்டிருக்கு!"

மாடியில் கதவு படாரென்று திறந்தது. மாடியம்மாவின் குரல் படியிறங்கி வந்தது. "எனக்கு அடுப்பைப் பாருன்னு சொல்ற ஆம்பளை இன்னும் பொறக்கலை! ஒவ்வொரு வீடா வர்றேன். இன்னிக்கே ஒரு வீடு காலி!"

 குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்ட என் வீட்டுக்காரர், படியிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"எதைத் தொட்டே?"

"குழந்தை இழுத்துடுச்சு. நான் சொருகினேன்."

"மாத்திச் சொருகிட்டியே!"

"ரெண்டும் நீலங்க."

தரையில் விழுந்து வயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டரை அணைத்தார். "நான் வீட்டுல இல்லைன்னு சொல்லு" என்று குளியலறைக்குள் போனார்.

"நானாங்க பேசணும்?"

"நீதான் வாயே திறக்க மாட்டியே. உன் மேல யாருக்குச் சந்தேகம் வரும்?" தாழ்ப்பாள் விழுந்தது.

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். மாடியம்மாவும், அவர் முதுகுக்குப் பின்னால் தையல்காரரின் மனைவியும். மாடியம்மாவின் கண் நேராகக் கம்ப்யூட்டரில் போய் நின்றது.

"இதென்ன?"

"பழசும்மா. துணி... துணி காயப்போட."

தொட்டுப் பார்த்தார். தொட்டது நனைந்த துணி. கையை உதறிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் வாளி கவிழ்ந்தது.

"உள்ள யாரு?"

இனி ஒளிய முடியாது. முகத்தைத் துடைத்தபடி என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "என்ன மகா..." பழக்கதோஷம். பாதியில் நாக்கு நின்றது. மாடியம்மாவின் கண்ணாடி மெல்ல உயர்ந்தது. 

"மகா... மகா மோசமான வேலைங்க இது! யாரா இருந்தாலும் விடக்கூடாதும்மா!"

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் கடைதானே?"

"பில்லு மட்டும்தாங்க போடறேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"முப்பது வருஷம் திருட்டுப் பசங்களைப் பிடிச்சவ நான். இதை எழுதினவன் ஜென்மத்துல அடுப்புக்கிட்ட போகாதவன். எல்லா வீட்டுலயும் ஒரே கேள்விதான். இங்க சமையல் யாரு?"

அவர் வாயைத் திறந்தார். ஆண்பிள்ளைக் கெத்தோடு உண்மையைச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. சாமானெல்லாம் ரோட்டில் கிடப்பது என் கண்ணில் தெரிந்தது. தொட்டில் உட்பட. எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பார்த்தால் என் குரல்.

"அவர்தாம்மா."

"தினமுமா?"

"மூணு வேளையும்." திறந்த வாயை எனக்கு மூடத் தெரியவில்லை. "பாத்திரம்கூட அவர்தாம்மா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. மாடியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மணியாச்சே. சமைங்க தம்பி. இருந்து பாத்துட்டே போறேன்."

பரீட்சைக்குப் போகிற பையனாக அவர் சமையலறைக்குள் போனார். உள்ளே மூடி விழுந்தது. "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அப்புறம் தலை மட்டும் வெளியே வந்தது.

"ஏம்மா, உப்பை... நான் எங்க வெச்சேன்?"

"நீங்க வைக்கிற இடத்துலதாங்க. மேல் தட்டு. சிவப்பு மூடி."

"பாவம், மறதி" என்றார் மாடியம்மா. "நீ ஏன் நிக்கறே? உக்காரு. போன்ல என்ன பாத்துட்டிருந்தே?"

"குழந்தைக்குக் கவுன் தைக்கறதும்மா."

"இந்தா, என் போன்ல பாரு."

கவுனுக்குக் கழுத்து வெட்டி, கை வைத்து, ஓரம் அடித்து முடியும் வரை பார்த்தேன். நடுவில் யாரும் என்னை அடுப்பைப் பார்க்கச் சொல்லவில்லை. தையல்காரரின் மனைவி ஓடிப்போய், கற்றுக்கொள்ளட்டும் என்று தன் புருஷனையும் பிடித்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நிறுத்தினாள்.

மாடியம்மா ஒரு வாய் சாப்பிட்டார். ரொம்ப நேரம் மென்றார். 

"சோறு வேகலை. குழம்புல உப்பை ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. கை பழகலை." எழுந்தார். "ஆனா அடுப்புக்கிட்ட போற ஆளுதான் நீங்க, உங்க மேல எனக்குச் சந்தேகமில்லை தம்பி. நாளைக்கும் வருவேன். நல்லா வர்ற வரைக்கும் வருவேன்."

எல்லோரும் போனார்கள். கதவைச் சாத்தியதும் அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். விரலில் இரண்டு கொப்புளம்.

"ஏண்டி, உனக்கு வேற பொய்யே கிடைக்கலையா?"

"பயத்துல வந்துடுச்சுங்க."

"அதான் போயிட்டாங்களே. இன்னும் எதுக்கு இப்படி நடுங்கறே?"

நான் அடுப்பு மேடையைப் பார்த்தேன்.

"மீதியை நான் சாப்பிடணுமேங்க."