சீல் பிரிக்காமல் கொடுத்த புத்தகம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகளுக்குப் பேசிவைத்த சம்பந்தம் நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றுபோனது. மற்றபடி உடம்பளவில் எல்லோரும் நலம். நீங்களும் அவ்வளவுக்காவது நலமாக இருக்கவும்.

நின்றதில் பாதிப் பங்கு உங்களுக்கு. "மாப்பிள்ளையோட அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், படிக்கிற மனுஷன், புத்தகம் குடுங்க" என்று போனில் சொன்னது யார்? முப்பது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறவனுக்குப் புத்தகத்தில் என்ன தெரியும்? எது வேகமாகப் போகிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஒரு மேடைக் கலைஞரோட கதைங்க, வயிறு குலுங்கச் சிரிப்பீங்க" என்றார். கெட்டி அட்டை, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. சீல் உடைந்த டப்பா என் கடையில் பாதி விலைச் சரக்கு. பிரித்ததையா பரிசாகக் கொடுப்பேன்? நேற்றுக் குடும்பத்தோடு வந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் அப்படியே நீட்டினேன். பெரியவர் எல்லோர் முன்னாலும் உறையைக் கிழித்து, பாடம் நடத்துகிற குரலில் முதல் பக்கத்தை வாசித்தார். அந்தக் கலைஞர் பாடவில்லை, ஆடவில்லை மச்சான். சபைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பின்பக்கத்துக் காற்றாலேயே தாலாட்டு வாசித்து, மூன்றடி தள்ளி எரியும் மெழுகுவர்த்தியை அணைக்கிறவராம்!

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் அவர் நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்த நொடியில் ஒரு சத்தம் வந்ததே, நீங்கள் உட்பட எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோமே, அதை அவர் மறக்கவில்லை.

"அன்னைக்கு யாருமே சிரிக்கலையேன்னு பெருமையா நெனச்சேன். சேத்து வெச்சு இன்னைக்குச் சிரிக்கிறீங்களா?"

"ஐயா, சத்தியமா நான் அதைப் படிக்கவே இல்லைங்க!"

"படிக்காமயே குடுத்தீங்களா? அது இன்னும் மோசம்."

புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு, "வர்றவங்க மூஞ்சியப் பாத்தே என்ன கலர் வேணும்னு சொல்லுவீங்களேப்பா, ஒரு அட்டையத் தெறந்து பாக்க முடியலையா?" என்று உள்ளிருந்தே அழுகிறாள். உங்கள் தங்கை சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவதோடு சரி. இனி எந்த முகத்தோடு இன்னொரு வரன் தேடுவேன்?

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. மிச்சமிருந்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப்போகும்போது பெரியவரிடமிருந்து போன். முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டாராம். "நாப்பது வருஷமா நான் வெக்கப்பட்டத அந்த ஆளு டிக்கெட் போட்டு வித்திருக்காருங்க!" என்று மூச்சு முட்டச் சிரிக்கிறார். மேலே எழுதியதை அடித்துவிடவும். கல்யாணம் அடுத்த மாதம் பத்தாம் தேதி. மண்டபச் செலவு அவரும் நானும் ஆளுக்குப் பாதி. அதே தொந்தரவுள்ள அவருடைய நான்கு தம்பிகளுக்கும் ஆளுக்கொரு புத்தகம், என் செலவு.