ஆட்டின் ஏழு, ஆட்டின் எட்டு

வாய் திறந்து ஒன்றைக் கேட்கத் தெரியாதவர்கள் சீட்டுக்கட்டைத் தொடவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. (இப்போதும் எனக்குக் கேட்கத் தெரியாது. கடைக்காரர் சில்லறை தர மறந்தால், தப்பு செய்தவள் மாதிரி நான்தான் தலையைக் குனிந்துகொண்டு வருவேன்.)

என் மகள் செல்விக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி அது. வழக்கப்படி மாதம் முழுக்க எங்களோடு காஞ்சிபுரத்தில் இருந்தாள். ஆடி முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை அழைத்துப்போக மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பெரம்பூரிலிருந்து வந்தார்கள். பிள்ளையார் சதுர்த்தி பக்கத்தில் இருந்தது. அதுவரைக்கும் மகள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்குக் கொள்ளை ஆசை. சம்பந்தியம்மாவிடம் கேட்டுவிடலாம் என்று கூடத்துக்குப் போவேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "காப்பி போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பாவம், அத்தனை காப்பியையும் குடித்தார்.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆபீசில் போக்கர் என்று ஒரு சீட்டாட்டம் பழகியிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டை எடுத்துக் கலைத்தார். என் தவிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்த செல்வி சட்டென்று சொன்னாள்:

"பந்தயம் வெச்சி ஆடலாம். எங்கம்மா ஜெயிச்சா புள்ளையார் சதுர்த்தி வரைக்கும் நான் இங்கதான். அத்தை ஜெயிச்சா நாளைக்கே கெளம்பிடறேன்."

"எனக்குச் சரிம்மா," என்று சிரித்தார் சம்பந்தியம்மா.

ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. அதுதான் காசு. என் வீட்டுக்காரர் தறியை விட்டு வந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

எனக்குத் தெரிந்தது ரம்மி ஒன்றுதான். அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கு நானும் அவரும் ஆடுவோம். போக்கர் வேறு மாதிரி இருந்தது. ஆளுக்கு இரண்டே சீட்டு. நடுவில் ஐந்து சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். அவற்றோடு நம் சீட்டைச் சேர்த்து, நல்லதாக ஐந்து காட்ட வேண்டும்.

"அத்தே, ஒரே சின்னத்துல அடுத்தடுத்த நம்பர் வந்தா நல்ல கை. சின்ன சீட்டா இருந்தாலும் அது வளரும். ஆனா நடுவுல எதுவும் சேரலன்னா பேசாம மடிச்சிடணும்," என்றார் மாப்பிள்ளை.

'நல்ல கை' வரைக்கும்தான் என் காதில் விழுந்தது.

இதில் இன்னொரு கூத்து. நல்ல சீட்டு வந்தால் எனக்கு வெட்கம் வந்துவிடும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். இரண்டு ஆட்டத்திலேயே மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். "அத்தை பொத்திக்கினாங்க, மடிச்சிடுங்கப்பா!" என்பார். எல்லோரும் சீட்டைப் போட்டுவிடுவார்கள். என் நல்ல கையெல்லாம் இப்படியே வீணாய்ப் போனது.

அப்புறம் வந்தது, ஆட்டின் ஏழும் ஆட்டின் எட்டும். சிவப்பு இதயம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில், பார்க்க அத்தனை அழகு!

பாவு பிணைப்பதுதான் என் தொழில். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு நூல் முடியும்போது, அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்ப்பேன். ஒன்றைக்கூட விடக் கூடாது. ஒரே நிறத்தில் அடுத்தடுத்து எதைப் பார்த்தாலும் என் விரல் சேர்க்கத்தான் போகும். தூக்கிப்போட அதற்குத் தெரியாது.

முந்தானை தானாக வாய்க்குப் போயிற்று. மாப்பிள்ளை மடித்தார். செல்வி மடித்தாள். சம்பந்தியம்மா மட்டும் மடிக்கவில்லை.

நடுவில் ஆட்டின் ஒன்பது வந்தது. ஆட்டின் ஜாக்கி வந்தது. ஒரு கறுப்பு ராஜாவும் வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, அப்புறம் ஜாக்கி! நடுவே ஒரு பத்து வந்தால் வரிசை முடிந்தது. இருந்த புளியங்கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன்.

"யம்மா, இருமா!" என்று செல்வி கத்தினாள். நான் ஏன் இருக்கிறேன்?

அடுத்த சீட்டு கறுப்பு மூன்று. கடைசிச் சீட்டு கறுப்பு இரண்டு. பத்தைக் காணோம். சம்பந்தியம்மா தன் சீட்டைத் திருப்பினார். கையில் ஒரு ராஜா, நடுவில் ஒரு ராஜா. ஜோடி.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. மீதிக் கட்டை எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, ஒரு பத்தைத் தேடி உருவி, ஒன்பதுக்கும் ஜாக்கிக்கும் நடுவில் பதவிசாக வைத்தேன்.

"இன்னாமே பண்றே?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரே ஒரு இழைதானே இல்ல," என்றேன். "முடிச்சு போட்டுக்கலாம்."

அறுந்த இழைக்குத் துண்டு நூலை முடிச்சுப் போட்டுத்தானே காலமெல்லாம் வேலையை ஓட்டுகிறோம்? அதற்காகப் புடவையையா மடித்து வைக்கிறோம்?

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "அதுவும் இஸ்பேட் பத்து! செகப்புப் பாவுல கறுப்பு இழைய உட்டா மொதலாளி பொடவைய மூஞ்சிலயே எறிவாரு."

மாப்பிள்ளை தரையில் உருண்டார். சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். (அந்தச் சாக்கிலாவது கேட்டிருக்கலாம். "இன்னொரு டம்ளர் வேணுங்களா?" என்றுதான் கேட்டேன்.)

பந்தயம் பந்தயம்தான். மறுநாள் காலை பஸ்ஸுக்குச் செல்வி கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு சமையலறையில் வெங்காயம் நறுக்கினேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயம் கிடையாது.

சதுர்த்தியன்று விடிந்ததும் பூரணத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால், எருக்கம்பூ மாலையோடு சம்பந்தியம்மா. பின்னால் களிமண் பிள்ளையாரை ஏந்திக்கொண்டு மாப்பிள்ளை. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள் என் மகள்.

"இந்த வீட்ல ஒரு இழை கொறையுதுன்னு கேள்விப்பட்டேன் சம்பந்திம்மா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "முடிச்சு போட வந்தோம்."

என் கை முந்தானையைத் தேடியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சதுர்த்திக்கும் வருகிறார்கள். நானும் கதவைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறேன். மாப்பிள்ளையும் விடாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்:

"எல்லாரும் மடிச்சிடுங்கப்பா, அத்தைக்கு நல்ல சீட்டு வந்துட்டுது!"